பர்ன் செய்த டிவிடி பிளேயரில் ஓடவில்லையா? நான்கு வழிகள், எது யாருக்கு

"லேப்டாப்பில் போட்டால் அழகாக ஓடுகிறது. டிவிக்குக் கீழே இருக்கிற பிளேயரில் போட்டால் மட்டும் 'நோ டிஸ்க்' என்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா, பிளேயர் கெட்டுவிட்டதா? மறுபடி ரைட் பண்ணட்டுமா, வேறு பிளேயர் வாங்கட்டுமா?"

இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் சினிமா டிஸ்க் இல்லை. குழந்தை முதன்முதலாக நடந்த வீடியோ, பள்ளி ஆண்டு விழா, இப்போது இல்லாத ஒருவரின் குரல். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பதற்றத்தில் எடுக்கிற முதல் முடிவு பல நேரம் தவறான முடிவு. டிஸ்க்கைத் தேய்ப்பார்கள், பிளேயரைத் தூக்கிப் போடுவார்கள். பிரச்சினை இரண்டிலும் இருக்காது.

உங்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அதே டிஸ்க்கைச் சரிசெய்வது, புதிய டிஸ்க்கில் மறுபடி எழுதுவது, பிளேயரைச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவது, டிஸ்க்கையே விட்டுவிட்டுக் கோப்பாகப் பார்ப்பது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்பதற்கு முன், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

வேறு பிரதி இருக்கிறதா? இதுதான் எல்லாவற்றுக்கும் மேல். வீடியோவின் மூலக் கோப்பு கணினியில் பத்திரமாக இருந்தால் அந்த டிஸ்க் வெறும் பிளாஸ்டிக். அதை என்ன செய்தாலும் நஷ்டம் இல்லை. டிஸ்க்கில் இருப்பதுதான் ஒரே பிரதி என்றால், மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அதைக் கணினிக்கு எடுத்துவிட வேண்டும்.

யார் பார்க்கப் போகிறார்கள், எந்தப் பிளேயரில்? நீங்களே பார்ப்பது வேறு. ரிமோட்டில் மூன்று பட்டன்கள் மட்டும் தெரிந்த தாத்தாவுக்கு அனுப்புவது வேறு. பத்துப் பேருக்குக் கொடுப்பது அதைவிட வேறு. பிளேயர் உங்கள் கையில் இல்லாதபோது அதைச் சரிசெய்கிற வழியே உங்களுக்கு இல்லை.

எத்தனை டிஸ்க்? ஒன்று என்றால் மறுபடி எழுதிவிடலாம். நாற்பது டிஸ்க் ஓடவில்லை என்றால் கணக்கே மாறிவிடும்.

எத்தனை வருஷம் இருக்க வேண்டும்? ஒருமுறை பார்ப்பதற்கா, பேரப்பிள்ளைகள் பார்ப்பதற்கா?

பணத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். இந்த விஷயத்தில் பெரிய செலவு நேரமும், தவறிப்போனால் திரும்பி வராத காட்சியும்தான்.

## முதலில் பிளேயர் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 'ஓடவில்லை' என்ற ஒரே வார்த்தைக்குள் குறைந்தது ஐந்து வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

டிஸ்க்கைப் போட்டு ட்ரே மூடியதும் பிளேயருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். டிஸ்க் சுழலும், வேகம் எடுக்கும், திடீரென்று நிற்கும், மறுபடி சுழலும். கூடவே லென்ஸ் மேலும் கீழும் தேடுகிற 'டிக், டிக்' சத்தம். இரண்டு மூன்று தடவை இப்படி முயன்றுவிட்டு 'நோ டிஸ்க்' என்று வந்தால், பிளேயரால் டிஸ்க்கின் உள்வட்டத்தைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். இது எந்த வகை டிஸ்க், எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்ற தகவல் எல்லாம் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள அந்த வட்டத்தில்தான் இருக்கும். டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்யாமல் (எழுதியதை மூடி முடிக்காமல்) விட்டிருக்கலாம், பிளேயருக்கு அந்த டிஸ்க் வகை பிடிக்காமல் இருக்கலாம், லேசர் பலவீனமாகியிருக்கலாம்.

பிளேயர் டிஸ்க்கை ஏற்றுக்கொண்டு, ஆனால் கோப்புப் பட்டியலைக் காட்டினாலோ 'இந்த வடிவத்தை இயக்க முடியாது' என்றாலோ, டிஸ்க்கிலும் பிளேயரிலும் குறை இல்லை. எழுதிய முறைதான் தவறு. என் அனுபவத்தில் மிக அதிகம் பார்த்தது இதைத்தான்.

முக்கால்வாசி நன்றாக ஓடி, கடைசிப் பகுதியில் திக்கினால் எழுத்தின் தரம் குறைவு. டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் படத்தின் கடைசிக் காட்சிகள் வெளி விளிம்பில் விழும், பிழைகள் அதிகம் சேர்வதும் அங்கேதான். விரல் ரேகை படுவதும் அந்த விளிம்பில்தான்.

படம் உருண்டாலோ கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி முறைகளுக்கு இடையிலான குழப்பம். படம் வந்து சத்தம் வரவில்லை என்றால் ஒலி வடிவத்தில் பிரச்சினை. இவை இரண்டும் பெரும்பாலும் மறுபடி எழுதினால் தீரும்.

அப்புறம் இரண்டு சோதனைகள். ஒரு ஒரிஜினல் டிஸ்க்கை அதே பிளேயரில் போடுங்கள். உங்கள் டிஸ்க்கை வேறொரு பிளேயரில் போடுங்கள். ஒரிஜினலும் திக்கினால் பிளேயர்தான் குற்றவாளி. ஒரிஜினல் ஓடி, உங்கள் டிஸ்க் எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். ஒரிஜினல் ஓடுகிறது, உங்கள் டிஸ்க் ஒரு பிளேயரில் ஓடி இன்னொன்றில் ஓடவில்லை என்றால் அது இருவருக்கும் இடையிலான பொருத்தப் பிரச்சினை.

"லேப்டாப்பில் ஓடுகிறதே?" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணினியின் டிரைவ் எல்லா வகை டிஸ்க்கையும் எழுதவும் படிக்கவும் செய்யப்பட்டது. விஎல்சி போன்ற மென்பொருள் கிட்டத்தட்ட எந்த வீடியோவையும் ஓட்டிவிடும். பழைய பிளேயருக்கு டிவிடி-வீடியோ என்ற ஒரே ஒழுங்குதான் தெரியும்.

## வழி 1: அதே டிஸ்க்கைச் சரிசெய்வது

சுத்தம் செய்வது. மென்மையான, நூல் உதிராத துணியை லேசாக நனைத்து, நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தில் நீளமாக ஓடும், பிளேயரின் பிழை திருத்தத்தால் அதை ஈடுகட்ட முடியாது. குறுக்காக விழுந்த கீறலை அது தாண்டிவிடும். பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பிரதி உள்ள டிஸ்க்கில் அதைச் செய்யாதீர்கள்.

மேலே ஒட்டிய காகித லேபிள். டிவிடி வேகமாகச் சுழலும். லேபிள் ஒரு பக்கம் தடித்தோ சுருங்கியோ இருந்தால் டிஸ்க் ஆடும். ஆனால் ஒட்டியதைப் பிய்க்கப் போனால் டிஸ்க்கே சேதமாகலாம். அதைக் கணினிக்குக் காப்பி எடுத்துவிட்டு வேறு டிஸ்க்கில் எழுதுவதுதான் சரி.

ஃபைனலைஸ் செய்வது. டிவிடி ரெக்கார்டரிலோ டிஸ்க் போடும் கேமராவிலோ பதிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பதிவு முடிந்ததும் 'ஃபைனலைஸ்' கொடுத்தால்தான் டிஸ்க்கின் தொடக்க, முடிவுப் பகுதிகள் எழுதப்பட்டு மற்ற பிளேயர்களுக்குப் புரியும். மறந்துவிட்டிருந்தால், பதிவு செய்த அதே கருவியில் போட்டுச் செய்ய வேண்டும். வேறு கம்பெனியின் ரெக்கார்டர் பெரும்பாலும் ஏற்காது. கணினியில் எழுதிய டிஸ்க் என்றால், இம்ஜ்பர்ன் மென்பொருளைத் திறந்து டிஸ்க்கைப் போட்டால் வலப்பக்கத்தில் அதன் நிலை தெரியும். முழுமையாகாமல் இருந்தால் அங்கிருந்தே மூடிவிடலாம்.

இங்கே ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. ஃபைனலைஸ் ஒருவழிப் பாதை. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க்கில் அதைத் திரும்பப் பெற முடியாது. பழுதான டிஸ்க் என்றால் பாதியில் நின்றுபோய், இருந்ததும் படிக்க முடியாத நிலைக்குப் போகலாம். அதனால் முக்கியமான டிஸ்க்கில் முதல் வேலை காப்பாற்றுவது. ஃபைனலைஸ் செய்யாத டிஸ்க்கை விண்டோஸ் 'காலி' என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள் பல நேரம் உள்ளே இருக்கும் வீடியோவைக் கண்டுபிடித்து எடுத்துக் கொடுக்கும்.

ஒருமுறை சித்தி ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். பாட்டி பேசி எடுத்த நாற்பது நிமிஷ வீடியோ, வேறு எங்கும் இல்லை. பிளேயரில் ஓடவில்லை, லேப்டாப் காலி டிஸ்க் என்றது. டிஸ்க்கின் பின்பக்கத்தை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். நடுவிலிருந்து சுமார் பாதி தூரம்வரை ஊதா சற்று அடர்ந்து, அங்கே ஒரு மெல்லிய கோடு, அதற்கு வெளியே வெளிறிய நிறம். எழுதிய பகுதிக்கும் எழுதாத பகுதிக்கும் இடையிலான எல்லை அது. 'வீடியோ உள்ளே இருக்கிறது சித்தி' என்று சொல்ல அந்த ஒரு கோடு போதுமாக இருந்தது. மீட்பு மென்பொருளால் முழுதையும் எடுத்தோம். அதற்குப் பிறகுதான் டிஸ்க்கைத் துடைக்கவே துணிந்தேன். உங்கள் டிஸ்க்கையும் முதலில் இப்படி வெளிச்சத்தில் பாருங்கள், காசில்லாத நல்ல சோதனை.

இன்னொரு எச்சரிக்கை. கேமராவில் வரும் 8 செ.மீ. சிறிய டிஸ்க்கை, ட்ரே இல்லாமல் வாயால் உள்ளிழுக்கும் டிரைவில் போடாதீர்கள். சிக்கிக்கொள்ளும். சில கேமராக்கள் டிவிடி டிஸ்க்கிலேயே ஏவிசிஹெச்டி என்ற உயர்தர வடிவத்தில் எழுதும். அது டிவிடி பிளேயருக்கானது அல்ல, அதைப் படிக்கக்கூடிய புளூ-ரே பிளேயரில்தான் ஓடும். சில டிவிடி பிளேயர்கள் அந்த டிஸ்க்கை வெளியே தள்ளக்கூட மறுக்கும்.

இந்த வழி யாருக்கு: ஒரே பிரதி வைத்திருப்பவர்களுக்கு, ஃபைனலைஸ் மறந்தவர்களுக்கு. மூலக் கோப்பு கையில் இருப்பவர்கள் இதில் அரை மணிக்கு மேல் செலவிட வேண்டாம்.

## வழி 2: புதிய டிஸ்க்கில் மறுபடி எழுதுவது

மூலக் கோப்பு இருந்தால் பலருக்கும் இதுதான் சரியான வழி. ஆனால் முதல்முறை செய்ததையே இரண்டாம் முறையும் செய்தால் இன்னொரு டிஸ்க்தான் வீணாகும். மாற்ற வேண்டியவை மூன்று: எழுதும் முறை, டிஸ்க் வகை, வேகம்.

### எழுதும் முறை

எம்பி4, எம்கேவி கோப்பை டிஸ்க்கில் இழுத்துப் போட்டால் அது டேட்டா டிஸ்க். விண்டோஸில் காலி டிஸ்க்கைப் போட்டதும் இரண்டு தேர்வுகள் கேட்கும்: யுஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி/டிவிடி பிளேயருக்கா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பிளேயரில் ஓடும் என்று நம்பிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். அது வீடியோவை மாற்றுவதில்லை. கோப்பை அப்படியே எழுதுகிறது, அவ்வளவுதான்.

பிளேயருக்கு வேண்டியது டிவிடி-வீடியோ. வீடியோ எம்பெக்-2 வடிவில், 720க்கு 576 அல்லது 720க்கு 480 புள்ளிகளில் இருக்க வேண்டும். அது 1 ஜிபிக்கு மிகாத 'விஓபி' கோப்புகளாகவும், அவற்றுக்கு வழிகாட்டும் 'ஐஎஃப்ஓ' கோப்புகளாகவும், 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் செய்து கொடுக்கும். ஹேண்ட்பிரேக்கைத் தேடிப் போகாதீர்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் டிவிடியைக் கோப்பாக்கும், கோப்பை டிவிடியாக்காது.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரமும் தரமும். வீடியோவை எம்பெக்-2 ஆக மாற்ற, கணினியைப் பொறுத்து, படம் ஓடுகிற நேரமேகூட ஆகலாம். ஹெச்டியில் எடுத்த வீடியோ டிவிடியில் தெளிவு குறைந்துதான் தெரியும். அதற்கு டிவிடியின் புள்ளிக் கணக்கு காரணம், நீங்கள் இல்லை.

ஒரு டிஸ்க்கில் எவ்வளவு திணிக்கலாம்? 4.7 ஜிபி என்று மேலே எழுதியிருந்தாலும் விண்டோஸ் அதை 4.38 ஜிபி என்றுதான் காட்டும். இரண்டு மணி நேர வீடியோவுக்கு நொடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் கிடைக்கும். பார்க்க நன்றாகவே இருக்கும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். குறைந்த நேர வீடியோ என்று மறுபக்கமாகவும் போகாதீர்கள். டிவிடி விதிப்படி வீடியோ 9.8 மெகாபிட் வரை போகலாம், ஆனால் பர்ன் செய்த டிஸ்க்கில் அந்த எல்லையைத் தொட்டால் பழைய பிளேயர்கள் மூச்சுத் திணறும். நான் 8-ஐத் தாண்ட மாட்டேன். ஒலிக்கு ஏசி-3 வைத்தால் எல்லாப் பிளேயரிலும் கேட்கும்.

வயதானவர்களுக்கு எழுதும்போது மெனுவே வேண்டாம். டிஸ்க்கைப் போட்டதும் படம் ஓட ஆரம்பிக்கும்படி அமையுங்கள். "ஓடவில்லை" என்று போன் வந்த சில வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், டிஸ்க் மெனுவில் நின்று காத்துக்கொண்டிருக்கும்.

### டிஸ்க் வகை

ஒருமுறை எழுதும் டிஸ்க்கில் இரண்டு வகை: மைனஸ் ஆர் (DVD-R), ப்ளஸ் ஆர் (DVD+R). மைனஸ் ஆர் 1997-இலேயே வந்துவிட்டது. ப்ளஸ் ஆர் வந்தது 2002-இல். அதனால் மிகப் பழைய பிளேயர்கள் மைனஸ் ஆரை ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆனால் ப்ளஸ் ஆருக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. டிஸ்க்கின் உள்வட்டத்தில் எழுதப்படும் 'புக் டைப்' என்ற அடையாளத்தை ஒரிஜினல் டிஸ்க்கைப் போல 'டிவிடி-ரோம்' என்று மாற்றி எழுதலாம். உங்கள் டிரைவ் அதற்கு இடம் கொடுத்தால் இம்ஜ்பர்னிலேயே அந்த வசதி இருக்கிறது. அடையாளத்தைப் பார்த்தே டிஸ்க்கைத் தள்ளிவிடும் பிளேயர் அதற்குப் பிறகு ஏற்றுக்கொள்ளும். மைனஸ் ஆரில் இப்படி மாற்ற முடியாது.

| டிஸ்க் | அளவு | பழைய பிளேயரில் எப்படி | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|
| மைனஸ் ஆர் | 4.7 ஜிபி | பொதுவாகப் பிரச்சினை குறைவு | எந்தப் பிளேயர் என்று தெரியாதபோது |
| ப்ளஸ் ஆர் | 4.7 ஜிபி | புக் டைப் மாற்றினால் நன்று | மைனஸ் ஆர் மறுக்கப்பட்டால் |
| ஆர்டபிள்யூ (அழித்து மறுபடி எழுதும் வகை, மைனஸ், ப்ளஸ் இரண்டும்) | 4.7 ஜிபி | பல பிளேயர்கள் மறுக்கும் | உங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்க மட்டும் |
| டபுள் லேயர் | 8.5 ஜிபி | அடுக்கு மாறும் இடத்தில் திக்கலாம் | பிரிக்கவே முடியாத நீண்ட வீடியோவுக்கு |

ஆர்டபிள்யூ ஏன் மறுக்கப்படுகிறது? எல்லாம் வெளிச்சம்தான். ஒரு அடுக்கு ஒரிஜினல் டிஸ்க்கும் ஒருமுறை எழுதும் டிஸ்க்கும் லேசர் ஒளியில் 45 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ திருப்பி அனுப்புவது 18 முதல் 30 சதவீதம்தான். லேசர் தளர்ந்த பிளேயருக்கு அது இருட்டில் படிப்பது போல. பரிசாகக் கொடுக்கும் டிஸ்க்குக்கு ஆர்டபிள்யூ வேண்டவே வேண்டாம்.

டபுள் லேயரை நான் தவிர்ப்பேன். நீண்ட வீடியோ என்றால் இரண்டு சாதாரண டிஸ்க்குகளில் பிரித்து எழுதுவது நல்லது. இடையில் எழுந்து டிஸ்க்கை மாற்றுவது ஒரு தொந்தரவே இல்லை, படம் நடுவில் உறைந்து நிற்பதுதான் தொந்தரவு.

### வேகம்

16 மடங்கு வேகம் என்று டிஸ்க்கில் போட்டிருப்பது உச்சவரம்பு. அந்த வேகத்தில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. 8 மடங்கில் எழுதுங்கள். முழு டிஸ்க்குக்கு எட்டுப் பத்து நிமிஷம் ஆகும், உச்ச வேகத்தில் எழுதினால் மிச்சமாவது மூன்று நான்கு நிமிஷம்தான். அதற்காக 1 மடங்கு, 2 மடங்கு என்று இறங்கவும் வேண்டாம். இன்றைய டிஸ்க்கில் லேசர் எழுதுகிற சாயம் அவ்வளவு மெதுவான எழுத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. டபுள் லேயர் என்றால் மட்டும் 4-க்கு மேல் போகாதீர்கள்.

எழுதி முடித்ததும் 'வெரிஃபை' ஓடவிடுங்கள். ஆனால் உங்கள் டிரைவால் படிக்க முடிகிறது என்பதை மட்டும்தான் அது நிரூபிக்கும். உண்மையான சோதனை, ஒரு பிளேயரில் போட்டுக் கடைசிப் பத்து நிமிஷத்தை ஓட்டிப் பார்ப்பது. நாற்பது பிரதி எழுதப் போகிறவர்கள் முதல் பிரதியை, முடிந்தால் இரண்டு வேறு பிளேயர்களில், இப்படிப் பார்த்துவிட்டு மீதியை எழுதுங்கள்.

இந்த வழி யாருக்கு: மூலக் கோப்பு இருப்பவர்களுக்கு, மற்றவர்களுக்கு அனுப்புகிறவர்களுக்கு, கணினியில் ஓடிப் பிளேயரில் கோப்புப் பட்டியல் மட்டும் தெரிகிறவர்களுக்கு.

## வழி 3: பிளேயரைச் சுத்தம் செய்வது, மாற்றுவது

ஒரிஜினல் டிஸ்க்கும் திக்கினால் மட்டுமே இங்கே வாருங்கள். லென்ஸில் தூசி படிந்திருக்கலாம். சிறு பிரஷ் வைத்த லென்ஸ் கிளீனர் டிஸ்க்கை ஓரிரு முறை ஓட்டிப் பார்க்கலாம். மூடியைத் திறந்து கையால் துடைப்பதை அனுபவம் இல்லாதவர்களுக்குச் சொல்ல மாட்டேன். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, கொஞ்சம் அழுத்தினாலும் போயிற்று. திறந்த பிளேயரை மின்சாரத்தில் வைத்து லேசரைப் பார்ப்பது கண்ணுக்கும் ஆபத்து.

லேசர் வயதாகித் தளர்ந்தால் திரும்பி வராது. முதலில் ஆர்டபிள்யூவை மறுக்கும், பிறகு பர்ன் செய்த டிஸ்க்கை, கடைசியில் ஒரிஜினலையும். உங்கள் பிளேயர் போன வருஷம் ஓட்டிய அதே பர்ன் டிஸ்க்குகளை இப்போது மறுக்கிறது, ஆனால் அவை வேறிடத்தில் ஓடுகின்றன என்றால் அது இந்த வரிசையில் நடுவில் இருக்கிறது.

மாற்றுவதென்றால் யுஎஸ்பி துளை உள்ள பிளேயரோ புளூ-ரே பிளேயரோ எடுங்கள். புளூ-ரே பிளேயர்கள் டிவிடியையும் ஓட்டும். புதிய புளூ-ரே பிளேயர் பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐ துளையோடு மட்டும் வரும், பழைய டிவியில் அது இருக்காது. வாங்கும் முன் டிவியின் பின்புறத்தைப் பார்த்துவிடுங்கள்.

இந்த வழி யாருக்கு: அலமாரி நிறைய நல்ல டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு. நாற்பது டிஸ்க்கை மறுபடி எழுதுவதைவிட ஒரு பிளேயரை மாற்றுவது எளிது. அடுத்தவர் வீட்டுப் பிளேயருக்கு இந்த வழி உதவாது.

## வழி 4: டிஸ்க்கை விட்டுவிட்டுக் கோப்பாகப் பார்ப்பது

டிவியில் யுஎஸ்பி துளை இருந்தால் பென் டிரைவில் போட்டுப் பார்த்துவிடலாம். ஹெச்.264 வீடியோவும் ஏஏசி ஒலியும் உள்ள எம்பி4 கோப்பு இப்போதைய டிவிகளில் ஏறக்குறைய எங்கும் ஓடும். ஹெச்டியில் எடுத்தது ஹெச்டியாகவே தெரியும், வழி 2-இல் இழந்த தெளிவு இங்கே இழக்காது.

குழி எங்கே இருக்கிறது? பழைய டிவிடி பிளேயரின் யுஎஸ்பி துளையில் செருகினால் பெரும்பாலும் எம்பி4 ஓடாது. டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகை ஏவிஐ மட்டும்தான் அதற்குத் தெரியும். டிரைவும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. டிவி, பிளேயர் இரண்டில் எதில் செருகுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

பென் டிரைவ் பார்ப்பதற்கு நல்லது, பாதுகாப்பதற்கு இல்லை. வருஷக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் அதில் உள்ளது அழியக்கூடும், யாராவது அதை வேறு வேலைக்கு எடுத்து அழித்துவிடவும் கூடும். கோப்பை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறிடத்தில் ஒன்று என்று இரண்டு பிரதியாவது வையுங்கள். எழுதிய டிவிடியும் நிரந்தரம் இல்லை. அதன் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். நீண்ட நாள் டிஸ்க்காகவே வைக்க விரும்புகிறவர்களுக்கு எம்-டிஸ்க் என்று சாயம் இல்லாத வகை உண்டு. எழுத அதற்கென்று ஆதரவு உள்ள டிரைவ் வேண்டும், படிக்கச் சாதாரண டிரைவே போதும்.

இந்த வழி யாருக்கு: தாங்களே பார்க்கிறவர்களுக்கு, ஹெச்டி தெளிவு வேண்டுகிறவர்களுக்கு, பத்திரப்படுத்த நினைக்கிறவர்களுக்கு.

## நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | டிஸ்க்கைச் சரிசெய்வது | மறுபடி எழுதுவது | பிளேயர் மாற்றுவது | கோப்பாகப் பார்ப்பது |
|---|---|---|---|---|
| ஒரே பிரதி என்றால் | முதலில் காப்பி, பிறகு இது | காப்பி எடுத்த பின் | ஆபத்து இல்லை | காப்பி எடுத்த பின் |
| பிறருக்கு அனுப்ப | உதவாது | மிக நல்லது | உதவாது | அவர் டிவியைப் பொறுத்தது |
| நிறைய டிஸ்க் என்றால் | சலிப்பு | நாள் கணக்கில் ஆகும் | நல்லது | ஒருமுறை உழைப்பு, பிறகு நிம்மதி |
| தெளிவு | இருப்பது இருக்கும் | குறையலாம் | இருப்பது இருக்கும் | மூலக் கோப்பின் தெளிவு |
| மறைந்த செலவு | ஃபைனலைஸ் பாதியில் நிற்பது | மாற்ற ஆகும் நேரம், வீணாகும் டிஸ்க் | கேபிள் பொருந்தாமல் போவது | இரண்டாம் பிரதி வைக்கும் பொறுப்பு |

நடைமுறையில் நான் இரண்டு வழிகளைச் சேர்த்தே செய்கிறேன். டிஸ்க்கில் இருப்பதைக் கோப்பாக எடுத்துப் பத்திரப்படுத்துவது எனக்காக. பிளேயரில் பார்க்கிறவர்களுக்கு மைனஸ் ஆர் டிஸ்க்கில், மெனு இல்லாமல், 8 மடங்கு வேகத்தில் எழுதிக் கொடுப்பது அவர்களுக்காக.

சித்தியின் டிஸ்க்குக்கும் அதையே செய்தேன். மீட்டெடுத்த கோப்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, புதிய டிஸ்க் ஒன்று எழுதி அவர் வீட்டுப் பிளேயரிலேயே கடைசிவரை ஓட்டிப் பார்த்தோம். முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் பாட்டி, "போதும், அந்தக் கேமராவை அணை" என்கிறார். அந்த வரிவரை திக்காமல் ஓடியது.